ஒரு ஆள் கூடுதல்

செல்லப்பனின் உயிர் பன்னிரண்டாயிரத்துக்குப் படிந்தது. டெல்லியில், தமிழ்க் கூலிகளின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் அவன் மனைவி அறுபதாயிரம் கேட்டாள். காண்ட்ராக்டர் பூவராகவன், அவள் போட்டுக் கொடுத்த டீ ஆறுவதற்குள் பேசி முடித்தார். துவாரகாவில் சாரம் சரிந்து அவன் செத்த அன்று வேலைக்கு வந்தது நாலே பேர், ஐந்தாவதாக யாருமில்லை என்று போலீஸிலும் சொல்லிவிட்டார்.

மறுவாரம் ஏழாம் வகுப்பு மகள் கவிப்ரியாவுக்குக் கணக்குப் பரீட்சை. சாயங்காலம் அவரே உட்கார்ந்து கேள்வி கேட்டார்.

"நாலு பேர் ஆறு நாள்ல கட்டுற சுவரை மூணு நாள்ல கட்ட எத்தனை பேர் வேணும்?"

"ஒன்பது."

"எட்டுடி." கால்குலேட்டரில் போட்டுக் காட்டினார். அதுவும் ஒன்பது என்றது.

ஆப்பிள் கணக்கும் ரயில் கணக்கும் சரியாகவே வந்தன. ஆள் கணக்கில் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒருவர் கூடினார்.

"அச்சா, சுலபமா கேக்குறேன். நம்ம வீட்ல எத்தனை பேர்?"

"நாலு."

"நான், நீ, அம்மா. மூணுதானே?"

கவிப்ரியா அவருடைய நாற்காலிக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்துப் பொறுமையாகக் கழித்தாள்.

"அங்கிள் போக மாட்டாராம்ப்பா. உங்களைக் கழிச்சா மூணு. இப்ப சரியா வருது."