உம்மணாமூஞ்சியின் இரண்டாவது ஆல்பம்

"ரெண்டாவது ஆல்பத்துல உருப்படியா ஒரு பாட்டுகூடக் கிடையாது" என்றான் டிரைவர்.

நான் மாமாவைப் பார்த்தேன். என் அக்காவின் கணவர். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாடகனை நாங்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. தானே எழுதி, தானே கிதார் வாசித்து, உலகமே நாளை முடியப்போவதுபோலப் பாடுவான். எந்த ஆல்பத்தின் அட்டையிலும் சிரித்ததில்லை. அதனால் எங்களுக்கு அவன் உம்மணாமூஞ்சி. அந்தப் பெயரை வைத்தவர் மாமா.

அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளையிடம் நான் கேட்ட முதல் கேள்வியே "எந்த ஆல்பம்?" என்பதுதான். மற்ற உறவெல்லாம் அதற்குப் பிறகு. ஒரு கச்சேரி வரிசையில் நனைந்துகொண்டு நின்றபோது எங்களோடு ஒட்டிக்கொண்டவன்தான் இந்த பஸ் டிரைவர்.

அவன் நாற்காலியை இழுத்து மாமாவுக்கு நேரெதிரே போட்டுக்கொண்டான்.

"சினிமாவுக்கு மியூசிக் போடப் போனதுதான் அந்த ஆள் பண்ண ஒரே நல்ல காரியம். அதுக்கு முன்னாடி பாடினதெல்லாம் ஒப்பாரி."

இதில் பாதி சொன்னதற்கே மாமா முன்பு ஒரு மழைக்காலம் முழுக்க அவனோடு பேசாமல் இருந்திருக்கிறார். சினிமா உம்மணாமூஞ்சியின் கிதாரைப் பிடுங்கிக்கொண்டு கையில் நாற்பது வயலினைக் கொடுத்துவிட்டது என்பது அவர் கட்சி.

மாமா திரும்பவில்லை.

நானும் என் பங்குக்கு எண்ணெய் ஊற்றினேன். "அந்த ஆல்பத்தோட கடைசிப் பாட்டே சினிமா டியூன்தானே? படத்துல போட்டதைத்தான் ஆல்பத்துல சுடவச்சுக் கொடுத்தான்."

சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசியது.

மாமாவின் கழுத்து மெல்லத் திரும்பியது. முகம் சிவந்தது. உதடு கோணிக்கொண்டு எதையோ தேடியது. டிரைவர் பாதி எழுந்துவிட்டான். அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"மு..." என்றார் மாமா. மூச்சு வாங்கியது. "முட்டாப் பயலே!"

அது எனக்கா அவனுக்கா என்று தெரியவில்லை. இருவருமே எடுத்துக்கொண்டோம்.

சமையலறையில் மிக்சி நின்றது. ஈரக் கையோடு அக்கா வாசற்படியில் வந்து நின்றாள்.

"யாரு?" என்றாள். "இப்ப யாரு பேசினது?"

இருவரும் மாமாவைக் கைகாட்டினோம்.

பக்கவாதம் வந்து, மருத்துவமனையிலிருந்து மாமாவைக் கூட்டிவந்த பிறகு அவர் சொன்ன முதல் சொல் அது. படம் காட்டிப் பார்த்தாயிற்று. அக்காவின் பெயரைச் சொல்லவைத்துப் பார்த்தாயிற்று. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா, இவருக்கு ரொம்பப் பிடித்தது எது என்று ஒருநாள் கேட்டார். பிடித்ததைவிடப் பிடிக்காதது நன்றாக வேலை செய்யும் என்று சொன்னவன் டிரைவர். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வந்து, தன் உயிரான அந்த இரண்டாவது ஆல்பத்தை மனசாட்சியே இல்லாமல் திட்டிக்கொண்டிருந்தான்.

அக்கா மாமாவின் காலடியில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்தார். உதடு மறுபடி தேட ஆரம்பித்தது.

டிரைவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தொண்டையைச் செருமினான்.

"மொத ஆல்பம் மட்டும் என்ன வாழுதாம்?" என்று அடுத்த பொய்யைத் தொடங்கினான்.