வாயில் வைத்திருந்தது

அவள் வாயைத் திறக்கவில்லை.

நர்ஸ் வந்து தோளைத் தொட்டு என்னமோ கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

பேசினால் சிந்திவிடும்.

மாமியார் ரமேய் கடைசியாகச் சொன்ன நாலு வாக்கியம் உள்ளே இருந்தது. பார்சிலோனாப் பக்கத்துக் கத்தலான் மொழியில். அவளுக்கு அர்த்தம் தெரியாது. ஓசை மட்டும் பிடிபட்டது.

சொல்லி முடித்த அரைமணியில் ரமேய் போய்விட்டாள்.

ரமேயின் மகன், அவள் கணவன் உரியோல் மாட்ரிட்டிலிருந்து ரயிலில் பார்சிலோனாவுக்கு வந்துகொண்டிருந்தான். போனில் சொல்கிற காரியமா அது.

கல்யாணமான புதிதில் மாட்ரிட்டில் ஒரு கத்தலான் மாலை வகுப்புக்குப் போனாள். மாமியாரிடம் மாமியார் பேச்சிலேயே பேசவேண்டும் என்று அப்படி ஒரு ஆசை. வாத்தியாரம்மா முதல் மாதம் முழுக்க ஓசைதான் நடத்தினாள். அழுத்தம் விழாத இடத்தில் அகரமும் எகரமும் மங்கி ஒன்றாகிவிட வேண்டும். ஒகரம் அங்கே உகரமாகிவிடும். அழுத்தம் விழுந்தாலோ, வாயை அகட்டி ஒரு எகரம், ஒடுக்கி ஒரு எகரம்.

எல்லா எழுத்தையும் முழுசாகச் சொல்லிப் பழகிய தூத்துக்குடி நாக்கு. குற்றியலுகரத்தை நினைத்துக்கொண்டு மடக்கினாள்.

ஒரே ஒரு வாக்கியம். காய் நறுக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, அதே வாக்கியம்.

பார்சிலோனாவில், முதல் சாப்பாட்டில், அதைச் சொன்னாள்.

ரமேய் நிமிர்ந்து பார்த்தாள்.

ஸ்பானிஷில் பதில் சொன்னாள்.

வெளியூர்க்காரர் வாய் திறந்தால் இங்கே ஸ்பானிஷுக்கு மாறிவிடுவார்கள், அது மரியாதை என்று உரியோல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்.

"மரியாதையா? வாசலோட நிக்க வச்சுட்டாங்க."

வகுப்பை நிறுத்தினாள். ஏழு வருஷம் மாமியாரும் மருமகளும் ஸ்பானிஷில் மழையைப் பற்றியும் உப்பைப் பற்றியும் பேசினார்கள்.

போன வாரம் பக்கவாதம் வந்ததில் ரமேயிடமிருந்து ஸ்பானிஷ் கழன்றுபோயிற்று.

உரியோல் வந்தான். அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டான்.

அவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

மங்கவேண்டியது மங்கியது. அழுந்தவேண்டியது அழுந்தியது. ரமேய் மூச்சுக்கு நின்ற இடத்தில் அவளும் நின்றாள்.

உரியோல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். இன்னொரு தரம் சொல்லச் சொன்னான்.

சொன்னாள்.

அவன் ஒவ்வொன்றாக ஸ்பானிஷில் மாற்றிச் சொன்னான்.

"அன்னைக்கு நீ எங்க பேச்சுல பேசினது அழகா இருந்துச்சு. நான் உனக்காக ஒரு வாரமா ஸ்பானிஷ்ல ரெண்டு வார்த்தை சொல்லிப் பாத்து வச்சிருந்தேன், அது முந்திக்கிச்சு. அப்புறம் மாத்திக்க வெக்கமாப் போச்சு. இப்பவாவது நம்ம இதுல பேசுவமா?"

வெளியே யாரோ தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அம்மா கேட்டதுக்கு நீ என்ன சொன்னே?" என்றான்.

அவள் கட்டிலைப் பார்த்தாள்.

"குளிருதாக்கும்னு, போர்வைய இழுத்து விட்டேன்."