கீழ்வீட்டுக் குரல்

“தப்பா எடுத்துக்காதம்மா. ஆறு வயசுப் பிள்ளையை இப்படி வீட்டுக்குள்ளேயே வச்சுப் படிக்க வச்சா, நாளைக்கு நாலு பேரோட எப்படிப் பழகும்?”

மாடிவீட்டு டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. வந்த காரியமே அதுதான்.

மாடிக்குக் குடிவந்து ஒரு மாதமாகிறது. காலையில் அவள் அரக்கப் பரக்க வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கீழ்வீட்டிலிருந்து ஒரு பிஞ்சுக் குரல் மேலே வரும். முதலில் குர்ஆன் ஓதும். பிறகு தமிழ்ப் பாடத்தையும் கிட்டத்தட்ட அதே ராகத்தில் வாசிக்கும். ஓர் எழுத்து பிசகாது. வருஷக்கணக்காக முதல் வகுப்புக்கே பாடம் எடுப்பவள் டீச்சர். அந்தக் குரல்மேல் அவளுக்கு ஆசையே வந்துவிட்டது. இன்று லீவு. இறங்கி வந்துவிட்டாள்.

பிள்ளையின் அம்மா சிரித்தபடி டீயை நீட்டினாள். படிக்கட்டில் எதிர்ப்படும்போதெல்லாம் கறுப்புத் துணிக்கு நடுவே கண்கள் மட்டும்தான் தெரியும். இவ்வளவு சின்னப் பெண்ணா என்று டீச்சருக்கு இன்றுதான் தெரிந்தது.

“பழகுறா டீச்சர். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க வந்தா வீடே ரெண்டாயிடும்.”

“அது விளையாட்டு. படிப்பு?”

அம்மா சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். கதவின் பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்து, சாக்பீஸில் கணக்கு எழுதியிருந்தது. கீழே துணி கிளிப்புகள் பத்துப் பத்தாகக் கோத்துக் கிடந்தன.

“கூட்டல் கழித்தல் தாண்டிட்டோம். இப்ப பெருக்கல். துணி காயப்போட ஒரு கிளிப் மிஞ்ச மாட்டேங்குது டீச்சர்.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விடுவதாக இல்லை. உள்ளறைத் திரைக்குப் பின்னால் அசைவு தெரிந்தது. அவள் உள்ளே காலெடுத்து வைத்ததுமே வாசிப்பு நின்றுபோயிருந்தது.

“உங்க வீட்டுக்காரர் வேணாங்கிறாரா?” என்று குரலைத் தாழ்த்தினாள். “இல்ல, உங்க ஆளுங்கள்ல சில பேர் பொம்பளப் பிள்ளையை வெளிய அனுப்ப மாட்டாங்கன்னு...”

“அவரா? ஸ்கூல்தான் ஸ்கூல்தான்னு ஒத்தக் கால்ல நின்னவரே அவருதான். முதல் நாள் அவ ஷூவுக்கு அவரு பாலிஷ் போட்ட அழகைப் பார்த்திருக்கணும் நீங்க.”

“அப்ப ஸ்கூல்ல சேர்த்தீங்களா?”

“போன வருஷம். ஒரு மாசம் போனா.”

“அப்புறம்?”

அம்மா டீ டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது.

“அவளுக்கு அப்பக் கொஞ்சம் திக்கும் டீச்சர். புது இடம்னா இன்னும் கூடும். ஒரு நாள் கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் அவளை மாதிரியே திக்கிக் காட்டி அவங்க டீச்சர் ஏதோ தமாஷ் பண்ணிட்டாங்க. பிள்ளைங்க சிரிச்சிருக்கு. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவ வாயைத் திறக்கல. எங்ககிட்டகூட. ரெண்டு மாசம்.”

டீச்சரின் கை நெஞ்சுக்குப் போனது.

“டாக்டர்கிட்ட அலைஞ்சோம். பயிற்சி குடுங்க, அவசரப்படுத்தாதீங்கன்னாங்க. ஒரு நாள் நான் ஓதிக்கிட்டிருந்தேன். பக்கத்துல வந்து உக்காந்து, கூடவே ஓத ஆரம்பிச்சா. திக்கவே இல்ல. அதே இழுப்புல தமிழை வாசிக்கச் சொன்னேன். வந்துச்சு. அப்படியே பிடிச்சு ஏறினவதான். அதனாலதான் வீட்டுல.”

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய வேகத்தில் கோபமும் வந்தது.

“எந்த ஸ்கூல்? சொல்லும்மா. அவளை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நான் கேக்குறேன். நீங்க போய்க் கேக்கலையா?”

“கேட் வரைக்கும் போனேன். ஸ்கூல் விடுற நேரம். அவங்க ஒரு பிள்ளையோட மூக்கைத் தொடச்சு விட்டுக்கிட்டு, இன்னொண்ணுக்கு ஷூ லேஸ் கட்டிக்கிட்டு நின்னாங்க. கெட்டவங்களாத் தெரியல. ஏதோ அலுப்புல வந்த பேச்சு. பேசாம திரும்பி வந்துட்டேன்.”

“உனக்கு மனசு பெருசு. எனக்கு அந்த அளவுக்கு இல்லம்மா,” என்ற டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளறையைப் பார்த்துத் திரும்பினாள். “கண்ணு, இங்க வாடா. உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்.”

“வேணாம் டீச்சர், அவ கூச்சப்படுவா,” என்று அம்மா அவசரமாக எழுந்தாள்.

அதற்குள் திரை விலகிவிட்டது. பிள்ளை நிலைப்படியில் வந்து நின்றது. டீச்சரின் முகத்தை ஒரு முறை பார்த்தது. உடனே இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டது.

“கு... கு... குட் மார்னிங், மிஸ்.”

“கு கு கு... என்னடி, என் கிளாஸ்ல குயில் கூவுது?” என்று போன வருஷம், பெயர்கூட மனதில் பதியாத ஒரு பிள்ளையைப் பார்த்துத் தான் கேட்டதும், வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததும் டீச்சருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன.