விளக்கு வைத்த ஸ்விட்ச்

சுற்றுலாவுக்குப் போகும் ஒரு கேரவன் வண்டி, சீசன் முடிந்தால் ஷெட்டுக்குள் மாதக்கணக்கில் சும்மா நிற்கும். அப்போதும் ரேடியோவும் ஃபிரிட்ஜும் சத்தமில்லாமல் கரண்டை உறிஞ்சிக்கொண்டே இருந்ததில், பேட்டரி ஏற்கெனவே ஒரு தடவை செத்துப் பிழைத்திருந்தது. இன்னொரு தடவை என்றால் காயலான் கடைதான். அதனால் கட்-ஆஃப் ஸ்விட்ச் ஒன்றைக் காவலுக்கு வைத்துக்கொள்ள முடிவு செய்தது. இரண்டு ஸ்விட்ச்கள் வந்து நின்றன.

"நீ என்ன செய்வே தம்பி?" என்று முதல் ஸ்விட்சைக் கேட்டது பேட்டரி.

"திருகினா இணைப்பைத் துண்டிச்சிடுவேன் அக்கா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லை."

இதென்ன, பேசவே தெரியாத பிள்ளையாக இருக்கிறதே என்று பேட்டரிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

இரண்டாவது ஸ்விட்ச் நெஞ்சை நிமிர்த்தியது. "நான் துண்டிச்சா ஒருத்தருக்கும் ஒரு சொட்டு கிடையாது அக்கா. துண்டிச்சாச்சுன்னு எல்லாருக்கும் தெரியணுமில்ல? அதுக்கு என் நெத்தியில சிவப்பு விளக்கு எரியும்!"

"அட! எவ்வளவு நேரம் எரியும்?"

"ராத்திரி பகலா எரிஞ்சுக்கிட்டே இருக்கும்."

பேட்டரிக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம். "எல்லாரையும் துண்டிச்ச பிறகு அந்த விளக்குக்கு யாருப்பா கரண்டு தர்றது?"

"நீங்கதான் அக்கா. வேற யாரு இருக்கா?"

பேட்டரி மெல்ல முதல் ஸ்விட்ச் பக்கம் திரும்பியது.

"தம்பி, கடைசியா என்னமோ சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு."