கரகரத்த டிஸ்க்

படங்கள் சேமிக்கும் பெட்டியைத் துடைத்துக்கொண்டே பூங்கோதை எந்த டிஸ்க் கெட்டது என்று காது கொடுத்துக் கேட்டாள். உள்ளே மூன்று டிஸ்க்குகள். நடு டிஸ்க் பழுதாகிச் சத்தமில்லாமல் கிடந்தது. மூன்றாவது, எதுவும் ஏறாத புதுசு. நடு டிஸ்க்கும் தானுமாகச் சுமந்த பாப்பா படங்களை முதல் டிஸ்க் இப்போது ஒற்றையாகச் சுமந்து கரகரத்தது.

"இதுதான் கெட்டது போல" என்று முதல் டிஸ்க்கைப் பிடித்தாள்.

அது நடு டிஸ்க்கிடம் கத்தியது: "அண்ணே, கெட்டது நீங்கதான்னு சொல்லுங்க! என்னைப் பிடுங்கினா ஒரு படமும் மிஞ்சாது!"

"நான் எப்பவும் அமைதியான ஆளுப்பா" என்றது நடு டிஸ்க்.

"சும்மா கிடக்கிறதுக்கு இப்படி ஒரு பேரா!" என்று சிரித்தது புதுசு.

அவள் இழுக்க, முதல் டிஸ்க் பாதி நகர்ந்துவிட்டது; இணைப்பு மட்டும் இன்னும் விடவில்லை.

"பூங்கோதை, பாப்பா எழுந்திருச்சிட்டா!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவள் கையை எடுத்துவிட்டு ஓடினாள்.

முதல் டிஸ்க் புதுசிடம் பதறியது: "சிரிச்சது போதும் தம்பி, அவ வர்றதுக்குள்ள படங்களை வாங்கிக்கோ, இது பாப்பா பிறந்த அன்னிக்கு, இது தவழ்ந்தப்போ, இது..."