ஏழு மணிக்கு முன் வந்த காய்ச்சல்

“ஐயோ, இஞ்ச வாங்கோ! உங்கட மனேஜர் கேற்றடியில நிக்கிறார்!”

மனைவி யசோதரா சொன்ன மாத்திரத்தில், தர்மிகனின் வாய்வரை போன புட்டு தட்டுக்கே திரும்பிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மகளின் இல்லத்து நிறம் என்று ஆசையாகப் போட்டிருந்த மஞ்சள் ரீசேட்டைக் கழற்றக்கூட நேரமில்லை. அப்படியே கட்டிலில் பாய்ந்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

மகளுக்கு இன்று பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி. முதன்முறையாக ஓடுகிறாள். லீவு கேட்டுப் பார்த்தான். துறைமுகத்துக்குக் கோதுமைக் கப்பல் வந்திருக்கிறது, லீவு என்ற கதையே கூடாது என்றுவிட்டார் மனேஜர் கோணாமலை. வேறு வழியில்லாமல் காய்ச்சலை வரவழைத்தான்.

அந்தக் கப்பல் முகவர் அலுவலகத்தில் காய்ச்சல் வருவது லேசுப்பட்ட காரியமில்லை. அதற்கென்றே கோணாமலை ஒரு சட்டம் இயற்றி, அலுவலக வாட்ஸ்அப்பில் போட்டு, எல்லோரிடமிருந்தும் கைகூப்பும் படத்தைப் பதிலாக வாங்கியிருந்தார். வருகிற காய்ச்சல் காலை ஏழு மணிக்கு முன் வரவேண்டும். நோயாளி தன் வாயாலேயே தொலைபேசியில் சொல்லவேண்டும். மனைவி சொன்னால் செல்லாது. பிறகு வீடியோவில் கட்டிலோடு தோன்றவேண்டும். ஏழரைக்கு மயங்கி விழுகிறவனை நிறுவனம் சுகதேகியாகவே கருதும். தர்மிகன் இன்று காலை எல்லாவற்றையும் சட்டப்படியே செய்து முடித்திருந்தான்.

போன மாதம் வயிற்றுக்குத்து என்று சொன்ன ஜக்சன், உப்புவெளிக் கடற்கரையில் ஐஸ்கிறீமும் கையுமாகப் பிடிபட்டான். அன்று பின்னேரமே வேலை போயிற்று. இப்போது முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். தர்மிகனுக்கு அதுவும் ஓட்டத் தெரியாது.

“வாங்கோ சேர்... அவருக்கு எழும்ப ஏலாமக் கிடக்கு.”

யசோதராவின் குரல் நடுங்கியதில், காய்ச்சல் அவளுக்குத்தான் என்று யாரும் நினைத்திருப்பார்கள்.

கழுத்துப்பட்டியும் பளபளக்கும் சப்பாத்துமாக, கப்பலைச் சோதனை போட ஏறுகிறவரைப் போல அறைக்குள் நுழைந்தார் கோணாமலை. கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“காய்ச்சல் சேர்...” என்று முனகினான் தர்மிகன்.

“அதைக் காலம்பறயே சொன்னீர். எப்பிடித் தொடங்கினது? குளிர் முதலோ, தலையிடி முதலோ?”

“குளிர் சேர்.”

“ஃபோனில தலையிடி எண்டெல்லோ சொன்னனீர்?”

தர்மிகனுக்கு இப்போது உண்மையாகவே குளிர் பிடித்தது. “ரெண்டும் ஒண்டாத்தான் சேர் வந்தது.”

“ம்... ரெண்டும் ஒண்டா.” அதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். “எங்க, இருமும் பாப்பம்.”

இருமினான்.

“இது காணாது. காலம்பற இருமினது நெஞ்சுக்குள்ள இருந்து வந்தது. அந்த மாதிரி இருமும்.”

குடல் வெளியே வந்துவிடும்போல இருமினான். கோணாமலை கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, கச்சேரி கேட்பவரைப் போலக் கேட்டார்.

“சரி. வீடியோவில முகம் வெளிறிக் கிடந்ததே, இப்ப நல்லா இரத்தம் ஓடுது. அது என்னெண்டு?”

“மல்லித்தண்ணி குடுத்தனான் சேர்,” என்று இடையில் விழுந்தாள் யசோதரா.

அவர் குனிந்து தர்மிகனின் காதோரத்தில் ஒற்றை விரலால் ஒரு கோடு இழுத்தார். விரல் நுனி வெள்ளையாக இருந்தது. அதையே உற்றுப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி இது?”

“ப... பவுடர் சேர். வேர்க்குது எண்டு...”

“எவ்வளவு போட்டனீங்கள்?”

“கொஞ்சம்தான் சேர்.”

“கொஞ்சத்துக்கு உப்பிடி வெளிறாது. சரியாச் சொல்லுங்கோ.”

“ரெண்டு தரம் பூசினனான் சேர்,” என்றாள், அழுகை முட்ட.

தர்மிகனின் கண்முன்னே ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

“சேர், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்குக் காய்ச்சலுமில்லை, ஒரு வருத்தமுமில்லை. பிள்ளையின்ர விளையாட்டுப் போட்டி... வேலையில மட்டும் கை வைச்சிடாதேங்கோ சேர்.”

“அது எனக்குக் காலம்பறயே விளங்கிட்டுது,” என்றார் கோணாமலை. “பொய் வருத்தத்தைப் பிடிக்கத்தானே நான் அந்தச் சட்டமே எழுதினது.”

எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். யன்னல் சீலையை இழுத்துவிட்டு, இடுக்கு வழியாகத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். யசோதரா கணவனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கோணாமலை திரும்பி வந்து கழுத்துப்பட்டியைக் கழற்றினார். பிறகு குனிந்து சப்பாத்தையும் கழற்றத் தொடங்கினார்.

“கொழும்பில இருந்து டிரெக்டர்மார் வந்து ஒஃபிசில இருக்கினம். போன மாதமே முடிஞ்சுதெண்டு நான் சொன்ன வேலையெல்லாத்தையும் கண்ணால பாக்கவேணுமாம்.” கழற்றிய சப்பாத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். “நான் எழுதின சட்டம் திறமெண்டு அவையள் மனேஜர்மாருக்கும் போட்டிட்டினம். காய்ச்சல் எண்டு ஏழு மணிக்கு முன்னமே சொல்லிப்போட்டன், இப்ப வீடியோவில கூப்பிடப் போயினம், என்ர மனுசியெண்டால் பொய்க்கு நிக்கமாட்டா. எழும்பும் தர்மிகன், நீர் பிள்ளையின்ர போட்டிக்குப் போம், கட்டிலை எனக்கு விடும்!”