மோதிரத்துக்கு முந்திய பேச்சு

மோதிரப் பெட்டி திறந்தாகிவிட்டது.

மாப்பிள்ளை பஹீமின் உம்மா றமீலா அதை மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலில் ஸுலைஹாவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். அறை வாசலில் ஸுலைஹாவின் உம்மா அபீபா காவல் நின்றார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், ஹோலில் ஆண்கள் பலகாரத் தட்டுகளை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விரலில் மோதிரம் ஏறினால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு பின்வாங்குகிறவர்கள் அலவத்துகொடை ஊர் முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஸுலைஹாவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல இதைவிட்டால் வேறு நேரம் இல்லை.

அவளுக்கு வலிப்பு இருக்கிறது. காலையிலும் இரவிலும் குளிசை போட வேண்டும். நேற்றே அந்த மாத்திரைப் போத்தலை உம்மா அலுமாரியிலிருந்து எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டார். நிக்காஹ் முடியட்டும், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது உம்மாவின் ஏற்பாடு.

அந்தப் ‘பிறகு’ வரவே வராது என்று ஸுலைஹாவுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக விழுந்தபோது, வெயில் மயக்கம் என்றுதான் அவளிடமே சொன்னார்கள். அன்று விடிந்ததிலிருந்து மழை. டீச்சர்மாருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நோய்க்காரிதான்.

அந்த ஆத்திரம்தான் அவளைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் எடுக்க வைத்தது. வேலை கிடைக்கிற பாடமாகப் பார்த்து எடு என்று வீட்டில் தலைதலையாக அடித்துக்கொண்டார்கள். அவள் கேட்கவில்லை. சந்தோஷத்தைத் தேடி அவள் போகவில்லை. இன்னொரு தடவை ஏமாறக்கூடாது என்றுதான் போனாள்.

ஏமாறாமல் இருக்கப் படித்தாயிற்று. இப்போது அடுத்தவரை ஏமாற்றாமல் இருக்க வேண்டும்.

பஹீமை வேறு அவளுக்குப் பிடித்துத் தொலைத்திருந்தது. பிலிமத்தலாவையில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறவன். முதல் நாள் போனில், மெய்யியலில் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, அவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில், பாதி விளங்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்னான். அப்படி ஒருவனை எந்தப் பைத்தியக்காரி கைவிடுவாள்?

“அந்தப் பாடம் படிச்சா சந்தோஷம் கெடைக்குமா மகள்?” என்றார் றமீலா. சும்மா பேச்சுக்குக் கேட்டது போலத்தான் இருந்தது.

“அது தெரியாது மாமி. உண்மய தேடத்தான்...”

வாசலில் உம்மா செருமினார். வாயை மூடு என்று அர்த்தம்.

றமீலா மோதிரத்தை எடுத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தார். ஸுலைஹா விரல்களை மடக்கிக்கொண்டாள்.

“மோதிரம் போட முந்தி ஒண்டு சொல்லணும் மாமி. எனக்கு...”

உம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. விறுவிறுவென்று ஹோலுக்குப் போய், தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று ஊருக்கே கேட்கிற மாதிரி ஒவ்வொருவராக விசாரிக்கத் தொடங்கினார்.

றமீலா அவள் வாயில் கை வைத்தார். “வாணாம். எனக்குத் தெரியும்.”

யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று ஸுலைஹா நினைத்தாள். அதற்கா ஊரில் ஆள் பஞ்சம்?

“ஆரும் சொல்லல்ல. நீங்க தட்டம் கொண்டு வரக்குள்ள கை நடுங்கிச்சு. எல்லாரும் வெக்கம் எண்டு சிரிச்சாங்க. அது குளிசைட நடுக்கம்.” றமீலாவின் குரல் இன்னும் தாழ்ந்தது. “நானும் அதத்தான் குடிக்கிறன். பஹீமுக்கும் தெரியாது, அவன்ட வாப்பாக்கும் இண்டைக்கு வரைக்கும் தெரியாது. விட்டமின் எண்டு சொல்லி ஈக்கிறன்.”

ஸுலைஹா அவரையே பார்த்தாள். மருதாணி போட்டு, மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, ஒரு வீட்டையே கட்டி ஆள்கிற மனுஷி.

“நீங்களும் சொல்ல வாணாம். நல்லா வாழலாம் மகள். நான் வாழல்லயா?”

மோதிரம் மடக்கிய விரலைத் தொட்டுக்கொண்டு நின்றது. நீட்டினால் போதும். பொய் சொல்லக்கூடத் தேவையில்லை, பேசாமல் இருந்தாலே போதும். ஸுலைஹாவுக்கு நீட்ட ஆசையாகத்தான் இருந்தது. விரல் தானாகவே கொஞ்சம் நிமிர்ந்தும் விட்டது.

“நீங்க சந்தோஷமா ஈக்கிறீங்களா மாமி?”

குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

றமீலா மோதிரத்தைப் பார்த்தார், திரைச்சீலையைப் பார்த்தார்.

“கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து, வலிப்பு வந்தா கண்டுருவார் எண்ட பயத்துல, அவர் தூங்க முந்தி நான் ஒரு நாளும் தூங்கினதில்ல மகள்.”

சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டுப்போனார். தன்னிடம்கூட இதுவரை சொல்லிக்கொண்டதில்லை போலும்.

ஹோலில் உம்மா இன்னும் யாரிடமோ சீனி பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

றமீலா மோதிரத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடி, ஸுலைஹாவின் கையில் கொடுத்தார். எழும்பி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, திரைச்சீலையை விலக்கினார்.

“என்ன, மோதிரம் போட்டாச்சா?” பஹீமின் வாப்பாவின் குரல் உற்சாகமாகக் கேட்டது.

“இன்னும் இல்ல. அதுக்கு முந்தி, ஒங்களோட எனக்கு ஒரு கத ஈக்குது. எழும்பி வாங்க.”